இடி இடித்தால் பிடுங்குவேன்

அண்ணாச்சி, அதை அடிக்காதீர்கள்! அது கெட்டுப்போகவில்லை. இப்போதுதான் எழுந்திருக்கிறது. கொஞ்சம் பொறுத்தால் தானாகப் படம் வந்துவிடும்.

பார்த்தீர்களா டீச்சர், இந்தக் கண்டக்டரை? பஸ் டிவி கறுப்பாகி வெள்ளை வெள்ளையாக எழுத்து ஓடினால் போதும், உடனே அதன் மண்டையில் ஒரு போடு. தூங்கி எழுந்த பிள்ளை கண்ணைக் கசக்குவதற்குள் முதுகில் அறைந்தால் அது என்னதான் செய்யும்? மூலையில் குட்டியாக ஒரு பறவை தெரிந்ததே, கவனித்தீர்களா? பெங்குவின். அது தெரிந்தால் கவலைப்பட வேண்டியதில்லை என்பாள் என் மகள். எனக்கு அதைப் பார்த்தாலே கவலைதான். அது வேறு கதை.

நீங்கள் டீச்சர்தானே? இல்லையா? பேங்க்கா? அப்படியா, கைப்பையைப் பார்த்து டீச்சர் என்று நினைத்துவிட்டேன். வாயில் வந்துவிட்டது, இனி மாறாது, டீச்சர் என்றே கூப்பிடுகிறேன். கோயம்புத்தூர் வரைக்குமா? நானும் அங்கேதான். அந்த ஜன்னலைக் கொஞ்சம் மூடுங்களேன். சாத்தூர் பக்கம் மேகம் ஒரு மாதிரியாக இருக்கிறது.

அந்தப் பறவை உங்கள் பேங்க்கிலும் இருக்கும், டீச்சர். உங்கள் மேஜையில் இல்லாவிட்டாலும் உள்ளே பெரிய அறையில் இருக்கிற மெஷினில் இருக்கும். லினக்ஸ் என்று பெயர். நான் எட்டாவதோடு நின்றவள், எனக்கு எப்படித் தெரியும் என்று பார்க்கிறீர்களா? என் மகள் மங்கையர்க்கரசி, அரசி என்று கூப்பிடுவோம், அவளுக்கு அதுதான் வேலை, அதுதான் சோறு, அதுதான் சாமி.

ஒருநாள் கேட்டேன், "அது என்னதான்டி செய்யும்?"

"கம்ப்யூட்டருக்குள்ள பல வேலை நடக்கும்மா. யார் முதல்ல, யார் அப்புறம், யாருக்கு எவ்வளவு இடம், யார் யார் பொருளைத் தொடக்கூடாது, எல்லாத்தையும் அதுதான் பாத்துக்கும்."

"அப்ப வீட்டுல நான் மாதிரி."

"ஆமா, அப்படித்தான்."

"அதுக்குச் சம்பளம் உண்டா?"

"இல்லம்மா, அதை யார் வேணா சும்மா எடுத்துக்கலாம்."

"அப்ப நானேதான்" என்றேன். அவள் அப்பா பேப்பருக்குப் பின்னால் சிரித்த சத்தம் கேட்டது.

ஆனாலும் எனக்கு மனசு ஆறவில்லை. ஒன்று சும்மா கிடைக்கிறது என்றால் அதில் ஏதோ குறை இருக்கத்தானே வேண்டும்? அரசி சொன்னாள், மழை வருமா வராதா என்று கணக்குப் போட ஒரு கல்யாண மண்டபம் அளவுக்கு மெஷினை அடுக்கி வைத்திருப்பார்களாம், அதிலும் இதுதானாம். கப்பலில் இதுதான். நம் கையில் இருக்கிற போனில் முக்கால்வாசிக்கு அடியில் இதுதான். வைஃபை பெட்டி, டிவிப் பெட்டி, இந்த பஸ் டிவி, கடைசியில் தீப்பெட்டி அளவு ஒரு பலகை வைத்திருக்கிறாள், அதிலும் இதுதான். மிளகு அளவு சிப்புக்கு மட்டும் இந்தப் பாரம் தாங்காதாம். அதற்கென்று இதே மாதிரி சின்னதாக வேறு வைத்திருக்கிறார்கள், அதையும் சும்மாதான் தருகிறார்களாம். ஒரே ஆள் இத்தனை இடத்தில் வேலை பார்த்தால் உடம்பு என்னத்துக்கு ஆகும் என்று எனக்குப் பட்டது. சொன்னால் சிரிப்பாள் என்று சொல்லவில்லை.

அதைவிடக் கொடுமை, உள்ளே எழுதியிருப்பதை யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கலாமாம், தப்பு இருந்தால் திருத்தி அனுப்பலாமாம். "ஊரே வந்து கரண்டியைப் போட்டா சாம்பார் விளங்குமாடி?" என்றேன். "விளங்குதேம்மா" என்றாள். அவளிடம் பேசி ஜெயிக்க முடியாது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். அரசி மெட்ராஸ் வேலையை விட்டுவிட்டு வீட்டுக்கு வந்து உட்கார்ந்தாள். எதற்கு? ஒரு பெட்டி செய்வதற்கு. அந்தத் தீப்பெட்டிப் பலகையை உள்ளே வைத்து, டிபன் பாக்ஸ் மாதிரி ஒன்று. கீழ்த்தொட்டியில் தண்ணீர் இருக்கிறதா, மேல்தொட்டி காலியா என்று அதுவே பார்த்து மோட்டாரைப் போடும், நிறுத்தும், போனுக்குச் சேதி சொல்லும். எங்கள் கோவில்பட்டியில் தண்ணீர் எப்போது வரும் என்று யாருக்குத் தெரியும்? நல்ல யோசனைதான். கோயம்புத்தூரில் ஒரு பம்பு கம்பெனி, அவர்களுக்கும் பிடித்துப்போனது. ஐப்பசி மழை முழுவதும் நாலைந்து வீடுகளில் வைத்து ஓட்டிக் காட்டு, நிற்காமல் ஓடினால் எங்கள் பம்போடு சேர்த்து விற்கிறோம், நீ உன் வீட்டிலிருந்தே எங்களுக்கு வேலை பார்க்கலாம் என்றார்கள்.

ஓடாவிட்டால்? ஓடாவிட்டால் ஜெர்மனி. அங்கே ஒரு கம்பெனி இவளை எப்போது வருகிறாய், எப்போது வருகிறாய் என்று கேட்டுக்கொண்டே இருந்தது. பொங்கல் கழித்துக் கிளம்பிவிடுவேன் என்றாள். ஒற்றைப் பிள்ளை, டீச்சர். அங்கே குளிர். சோறு கிடையாது. சளி பிடித்தால் யார் கஷாயம் வைப்பது? அந்தப் பெட்டி ஓட வேண்டுமே என்று நான் வேண்டாத சாமி இல்லை. என்னைவிட அந்தப் பெட்டிமேல் அக்கறையாக இருந்தவர்கள் உலகத்தில் யாரும் இருந்திருக்க மாட்டார்கள். இதை நீங்கள் நன்றாக ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். ஏனென்றால் பிறகு என்மேல்தான் பழி வந்தது.

மற்ற வீடுகளில் வைத்த பெட்டியெல்லாம் ஒழுங்காக ஓடின. எங்கள் வீட்டுப் பெட்டிக்கு மட்டும் என்ன சீக்கோ, மழை வந்தால் செத்துப்போகும். விளக்கு எரியும், ஆனால் மோட்டார் போடாது, போனுக்குச் சேதி வராது. அரசி கழற்றி எடுத்துக்கொண்டுபோய், உள்ளே இருக்கிற மெமரி கார்டை அழித்து, எல்லாவற்றையும் முதலிலிருந்து ஏற்றிக் கொண்டுவந்து மாட்டுவாள். அடுத்த மழைக்கு மறுபடியும் அதே கதி.

"இதுக்கு மழை ஒத்துக்கலடி" என்று நான்தான் முதலில் கண்டுபிடித்துச் சொன்னேன். ஈரம் படுகிறதோ என்று ஒரு ஜவுளிக்கடைப் பையை எடுத்து அதன்மேல் மாட்டியும் விட்டேன். உள்ளே வேகிறது என்று சத்தம் போட்டுக் கழற்றி எறிந்தாள். நல்லது செய்தாலும் தப்பு.

கரண்ட் போவதால் இருக்குமோ என்று அவளே யோசித்து அவளே தள்ளிவிட்டாள். எங்கள் வீட்டில் இன்வெர்ட்டர் இருக்கிறது, கரண்ட் போனால் பெட்டிக்குத் தெரியவே தெரியாது. பிறகு சிப்பை மாற்றினாள், வயரை மாற்றினாள். இந்த லினக்ஸைத் திருத்துகிற வெளிநாட்டுக்காரர்களுக்கெல்லாம் எழுதிக் கேட்டாள். நார்வேயில் ஹென்ரிக் என்று ஒருவர், பாவம், இவளை நேரில் பார்த்ததுகூட இல்லை, தன் வேலையை விட்டுவிட்டு எங்கள் வீட்டுத் தண்ணீர் மோட்டாருக்காக மண்டையை உடைத்துக்கொண்டார். பிரேசிலில் ஒரு பெண், அவளும். அவ்வளவு பேரும் சும்மாதான். எனக்கு ஆச்சரியமாக இருந்தது. எங்கள் தெருவில் ஒரு கேஸ் சிலிண்டரைத் திருப்பி வைக்க ஆள் கிடைக்கமாட்டான்.

அந்த ஹென்ரிக் ஒருமுறை கேட்டாராம், அந்தப் பெட்டியில் வீட்டு ஆட்கள் யாராவது கை வைக்கிறார்களா என்று. அரசி சிரித்துக்கொண்டே எனக்குப் படித்துக் காட்டினாள். "எங்க அம்மா கம்ப்யூட்டர்னா பத்தடி தள்ளி நிப்பாங்கன்னு எழுதிட்டேம்மா" என்றாள். எனக்குப் பெருமையாக இருந்தது. உண்மைதானே? நான் எதையும் தொடமாட்டேன்.

இப்படியே ஐப்பசி பாதி போய்விட்டது. கோயம்புத்தூரிலிருந்து பொன்னுரங்கம் சார் என்று பம்பு கம்பெனி இன்ஜினியர், ஒருதடவை நேரிலேயே பார்த்துவிடுகிறேன் என்று வந்தார். நல்ல மனுஷர். வாய்க்கு வாய் 'ங்க' போடுவார், நாம் ஏதோ பெரிய இடம் மாதிரி தோன்றும். அரசியும் அவரும் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதில் எங்கள் பெட்டி என்ன நினைக்கிறது என்பது வரிவரியாக ஓடிக்கொண்டிருந்தது. அரசி முகம் வாடிப்போயிருந்தது. இன்றைக்கும் இது நின்றுவிட்டால் ஜெர்மனிதான் என்று எனக்கும் தெரியும். நான் காப்பித் தட்டோடு அடுக்களையிலிருந்து வருகிறேன்.

அப்போது இடித்தது பாருங்கள், ஜன்னல் கண்ணாடியெல்லாம் அதிர்ந்தது.

காப்பித் தட்டை அப்படியே ஃபிரிட்ஜ் மேல் வைத்தேன். டிவி பிளக்கைப் பிடுங்கினேன். ஃபிரிட்ஜைப் பிடுங்கினேன். மிக்சி, கிரைண்டர். மேஜையைச் சுற்றிக்கொண்டுபோய்ப் பெட்டியின் பிளக்கையும் பிடுங்கினேன். வைஃபை பெட்டியை மட்டும் தொடமாட்டேன், அதற்கு ஒருதடவை திட்டு வாங்கியிருக்கிறேன். பிறகு காப்பியை எடுத்துக்கொண்டு வந்து, "ஆறிடும், குடிங்க சார்" என்றேன்.

இரண்டு பேரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஓடிக்கொண்டிருந்த வரி அப்படியே நின்றிருந்தது.

"அம்மா" என்றாள் அரசி. குரலே வேறாக இருந்தது. "நீ இப்ப என்ன பண்ணின?"

"இடி இடிக்குதேடி. காது கேக்கலையா?"

"எப்பவும் இதைப் பிடுங்குவியா?"

"பின்னே? உன் பொருள்னு விட்டுட முடியுமா? அடுத்த தெரு டெய்லர் வீட்டுல இடி விழுந்து டிவி வெடிச்சது மறந்துபோச்சா?"

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, இடி நின்னதும் மாட்டிருவேன். மறுபடி இடிச்சா மறுபடி பிடுங்குவேன். நீ மேல ரூம்ல காதுல அதை மாட்டிக்கிட்டு உக்காந்திருப்ப. வீட்டைப் பாத்துக்க ஆள் வேணாமா?"

அவள் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள். அப்பாவைக் கூப்பிட்டாள். "அப்பா, உங்களுக்குத் தெரியுமா?"

"முப்பது வருஷமா இப்படித்தான்மா பிடுங்குறா. உனக்குத் தெரியும்னுல்ல நான் நினைச்சேன்" என்றார், பேப்பரை இறக்காமலேயே. எப்போது வாயைத் திறக்க வேண்டும், எப்போது மூட வேண்டும் என்று அவருக்குத் தெரியவே தெரியாது.

பெட்டி தன் கார்டில் எதையாவது எழுதிக்கொண்டிருக்கும்போதே கரண்டை நிறுத்தினால் பாதி எழுத்தும் பாதிக் கிறுக்கலுமாகப் போய், அடுத்தமுறை எழும்போது அதற்குத் தன் பெயரே தெரியாமல் போய்விடுமாம். அதனால்தான் செத்ததாம். அதனால்தானா என்று இன்றைக்கும் எனக்குச் சந்தேகம். நான் பிடுங்காமல் இருந்திருந்தால் இடியில் கருகியே போயிருக்கும், அப்போது என்ன செய்திருப்பார்கள்? அதை யாரும் யோசிக்கவில்லை.

அரசி கண்ணில் தண்ணீர். "நார்வேக்காரன் ராவும் பகலுமா தேடுறான்மா. நீ வீட்டுக்குள்ளயே இருந்திருக்க" என்றாள். பொன்னுரங்கம் சார் மட்டும் காப்பியைக் கையில் வைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். "ஏனுங் பாப்பா, எதுக்குங்க அழுவறீங்க? எங்க பம்பு வாங்கற வீட்லயெல்லாம் இப்படி ஒரு அம்மா இருக்காங்களே. எங்க வீட்லயும் இருக்காங்க. அம்மாவைத் திருத்த முடியாதுங்க. பெட்டியைத் திருத்துங்க. மார்கழிக்குள்ள இந்த அம்மா கைக்குத் தாங்குச்சுன்னா முதலாளிகிட்ட நான் பேசறனுங்க."

இந்த அம்மா கைக்கு! காப்பி கொடுத்த கை, டீச்சர்.

அதற்குப் பிறகுதான் வேடிக்கை. உள்ளே எதையோ மாற்றி எழுதிவிட்டு, "அம்மா, இப்ப பிடுங்கு" என்பாள். நான் எப்படிப் பிடுங்குவேன்? வெயில் பளீரென்று அடிக்கிறது. இடி இல்லாமல் பிடுங்க எனக்கென்ன பைத்தியமா? முடியாது என்றேன். ஒருநாள் அடுக்களையில் இருக்கிறேன், கடகடவென்று இடி. ஓடிவந்து டிவியைப் பிடுங்கினேன், ஃபிரிட்ஜைப் பிடுங்கினேன், பெட்டியில் கை வைக்கும்போது பார்த்தால் அவள் போனை முதுகுக்குப் பின்னால் ஒளிக்கிறாள். போனில் இடியைப் போட்டிருக்கிறாள்! "இது நம்ம ஊர் இடியே இல்லையே, இழுத்து இழுத்து இடிக்குதேன்னு அப்பவே நினைச்சேன்" என்றேன். இரண்டு நாள் அவளோடு பேசவில்லை.

பிறகு யோசித்தேன். மார்கழி வந்துகொண்டே இருக்கிறது. ஜெர்மனியில் பனி பெய்கிறதாம், படம் பார்த்தேன். சரி, போகட்டும் என்று பிடுங்க ஆரம்பித்தேன். அதற்கென்று ஒரு மெஷின் செய்து வைத்துக்கொள்ளேன் என்றால், செய்து பார்த்துவிட்டேன், நீ பிடுங்குகிற மாதிரி எந்த மெஷினும் பிடுங்காது என்கிறாள். நான் ஸ்விட்சை அணைக்காமல் பாதி இழுப்பேனாம், பொறி பறக்கவும் பயந்து திரும்ப அழுத்துவேனாம், ஆட்டுவேனாம், பிறகு ஒரேயடியாகப் பிடுங்குவேனாம். பாராட்டா, குத்தலா? இன்றைக்குவரை தெரியவில்லை. குழம்பு தாளித்துவிட்டு வந்து ஒருதடவை, பால்காரருக்குக் கதவைத் திறக்கப் போகும்போது ஒருதடவை, பெங்குவின் வந்து எழுத்து ஓட ஆரம்பித்த உடனேயே ஒருதடவை. முதலில் கொஞ்சநாள் பிடுங்கிய உடனே செத்தது. பிறகு நொண்டியது. பிறகு என்ன பிடுங்கினாலும் எழுந்து நின்றது.

என்ன செய்தார்கள் தெரியுமா? இவளும் ஹென்ரிக்கும் அந்தப் பிரேசில்காரியும் உட்கார்ந்து, புதிதாக எழுதுவதைப் பக்கத்தில் தனியாக எழுதி முடித்த பிறகுதான் பழையதை விடுவது என்று லினக்ஸில் எங்கெங்கே ஓட்டை இருந்ததோ அங்கெல்லாம் அடைத்தார்கள். புது வேலைக்காரி வந்து சேராமல் பழையவளை நிறுத்தமாட்டோமே, அது மாதிரி. இது தெரிய இத்தனை படிப்பா!

இனிமேல்தான் என் குறையே. இவர்களிடம் ஒரு வழக்கம் இருக்கிறது. ஒரு திருத்தம் செய்தால் அதற்கு அடியில் பெயர் போடுவார்கள். யார் எழுதியது, யார் சரிபார்த்தது, யார் ஓட்டிப் பார்த்தது என்று. அப்படிப் போட்டதை யாராலும் அழிக்க முடியாதாம். அதில் 'சோதித்துப் பார்த்தவர் செண்பகவல்லி' என்று என் பெயரைப் போட்டுவிட்டாள், டீச்சர்! கரண்ட் பில்லிலேயே எங்கள் வீட்டில் அவர் பெயர்தான். என்னைக் கேட்க வேண்டாமா? அந்தத் திருத்தம் எல்லோரும் எடுத்துக்கொள்கிற பொதுப் பிரதியிலேயே சேர்ந்துவிட்டதாம். கல்யாண மண்டபம் அளவு மெஷின் வைத்திருக்கிறவர்களும் அதைத்தான் எடுப்பார்கள், அவர்களுக்கு அது தேவைப்படாமல் போகலாம், ஆனால் மூட்டைக்குள் இருக்கும் என்கிறாள். நாளைக்கு எந்தத் தேசத்திலாவது ஏதாவது கோளாறு என்றால் யார் இந்தச் செண்பகவல்லி என்று தேடிக்கொண்டு வரமாட்டார்களா? ஹென்ரிக் எனக்கு நன்றி சொல்லி எழுதியிருக்கிறார். இவ்வளவு பொறுமையாக யாரும் கெடுத்துக் காட்டியதில்லையாம். கெடுத்து! அந்த வார்த்தையைப் பாருங்கள்.

இப்போது எதற்குப் போகிறேன் என்று கேட்கிறீர்களா? இன்றைக்குத்தான் அந்தக் கம்பெனி முதலாளி பெட்டியைப் பார்க்கிறார். அரசி நேற்றே போய்விட்டாள். நீ வர வேண்டாம், பதறுவாய் என்று சொல்லிவிட்டுப் போனாள். நான் பதறுகிறவளா? வீட்டில் இருப்புக்கொள்ளவில்லை, அவ்வளவுதான். அரசி அப்பாவிடம் கழுகுமலை கோயிலுக்கு என்று சொல்லிவிட்டு ஏறிவிட்டேன். அங்கே போய் யாரோ ஒருவர் பிளக்கை நாகரிகமாகப் பிடுங்கினால் முதலாளிக்கு எப்படி நம்பிக்கை வரும்? இல்லை, தப்பாகப் பிடுங்கி அது நின்றுபோனால்?

இருங்கள், போன். அவள்தான்.

"ஹலோ... சொல்லுடி... எங்கயா? வீட்டுலதான்... அது டிவி சத்தம்... என்ன ஆச்சு? முதல்ல அதைச் சொல்லு... முதலாளியே பிடுங்கினாரா? ஸ்விட்சை அணைச்சாரா அணைக்காம பிடுங்கினாரா?... எழுந்திருச்சுச்சா?... எல்லாத் தடவையுமா?... சரி... சரி... எழுதிக் குடுத்துட்டாங்களா?... அப்ப வீட்டுலேர்ந்தே... ம்... ம்... நீ சாப்பிட்டியா?... ஹார்ன் சத்தமா? தெருவுல யாரோ போறாங்க... ஆமா, பஸ்ஸுலதான் இருக்கேன், போ! என்ன இப்ப?... விருதுநகர் தாண்டிட்டோம்... நான் ஏன்டி இறங்கணும்?... சரி, சரி, வைக்கிறேன்."

கேட்டீர்களா, டீச்சர்? முடிந்தது. பெட்டியை எடுத்துக்கொண்டார்கள். வீட்டிலிருந்தே வேலையாம். ஜெர்மனிக்கு வரவில்லை என்று எழுதிவிடப் போகிறாளாம். இன்னும் எழுதவில்லை, கவனியுங்கள், எழுதப்போகிறாளாம். நான் மதுரையில் இறங்கி வீட்டுக்குத் திரும்ப வேண்டுமாம், அவள் நாளைக் காலையில் தானே வந்துவிடுவாளாம்.

வருவாள்தான். ஆனாலும் நாளைக் காலை வரைக்கும் எவ்வளவு நேரம் கிடக்கிறது? நடுவில் அந்த ஜெர்மனிக்காரன் போன் செய்து, இன்னும் நல்ல வேலை தருகிறேன், வா என்றால்? இவளுக்கு யாரிடமும் முடியாது என்று சொல்ல வராது, என்னிடம் மட்டும்தான் வரும். நான் இறங்கவில்லை. டிக்கெட் கோயம்புத்தூருக்கு எடுத்தாயிற்று. நேரே போய்க் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்துவிடுகிறேன்.

மறுபடி கூப்பிட்டு இறங்கு இறங்கு என்பாள், எனக்குத் தெரியாதா? போனையே அணைத்துப் பையில் போட்டுவிட்டேன்.